கலப்பற்று: மரக்கலங்களில் நீர்க்கசிவைக் கண்டறிந்து அடைத்த கைத்தொழில்

கலப்பற்று என்பது பலகைகளால் கட்டப்பட்ட மரக்கலத்தின் மூட்டு இடைவெளிகளில் பஞ்சு, கயிற்று நார் போன்றவற்றைத் திணித்து, அதன் மேல் பசை பூசி, கடல்நீர் உள்ளே புகாமல் அடைக்கும் தொழிலாகும். இத்தொழிலைச் செய்தவர் கலப்பற்றுக்காரர் எனப்பட்டார். பேச்சு வழக்கில் இச்சொல் கலப்பத்து என்றும் ஒலிக்கும். தூத்துக்குடி, வல்வெட்டித்துறை, கேரளத்தின் பேப்பூர் போன்ற துறைகளில் மரக்கலம் கட்டும் தொழிலோடு இதுவும் வளர்ந்தது.

கப்பல் வரலாற்றைப் படிக்கும்போது மன்னர்களின் படையெடுப்புகளும் வணிகர்களின் செல்வமும் முன்னே நிற்கின்றன. கலத்தின் அடியில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு மூட்டாகத் தட்டிப் பார்த்தவரின் வேலை கண்ணில் படுவதில்லை. ஆயினும் சரக்கும் மாலுமிகளின் உயிரும் அவர் கையில்தான் இருந்தன. கசிவை அடைப்பது இத்தொழிலின் ஒரு பாதிதான். நீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது மற்றொரு பாதி. அந்த இரண்டாவது பாதியே கடினமானது.

சொல்லின் வரலாறு

கலம், நாவாய், வங்கம், தோணி, அம்பி, ஓடம் எனக் கடலிலும் ஆற்றிலும் செல்வனவற்றுக்குத் தமிழில் பழைய சொற்கள் பல உண்டு. அவற்றோடு ஒப்பிடும்போது கலப்பற்று என்ற சொல் பிற்காலத்தது. கேட்டவுடன் ‘கலம்’, ‘பற்று’ என்னும் இரு தமிழ்ச் சொற்கள் சேர்ந்தது போலத் தோன்றும். கலத்தில் பற்று வைத்து ஒட்டுவது என்று பொருளும் பொருந்திவிடுகிறது.

ஆனால் இதே தொழிலுக்கு அரபு மொழியில் ‘கல்ஃபத்த’ என்றும், துருக்கியில் ‘கலஃபத்’ என்றும், போர்ச்சுகீசிய மொழியில் ‘கலஃபெத்தார்’ என்றும், இத்தாலிய மொழியில் ‘கலஃபத்தாரே’ என்றும் வழங்குகின்றனர். யூல், பர்னெல் ஆகிய இருவரும் தொகுத்து, 1886இல் வெளியான ஆங்கிலோ இந்தியச் சொற்களஞ்சியமான ‘ஹாப்சன் ஜாப்சன்’ நூலிலும் ‘கல்பட்டி’ என்ற சொல் கப்பல் மூட்டு அடைப்பவர் என்னும் பொருளில் இடம்பெற்றுள்ளது. அந்நூல் அதைப் போர்ச்சுகீசியச் சொல்லோடு தொடர்புபடுத்துகிறது. எனவே கடல் வணிகத்தின் வழியே துறைக்குத் துறை பயணம் செய்த சொல் இது என்று கொள்ளலாம். தமிழ் நாவு அதைத் தனக்குப் பொருள்படும்படி மாற்றி அமைத்துக்கொண்டது.

நீருக்குத் தமிழ்க் கடற்கரை கண்ட மூன்று விடைகள்

கலத்துக்குள் நீர் புகும் சிக்கலுக்கு ஒரே ஒரு தீர்வுதான் உண்டு என்று எண்ணுவது தவறு. தமிழ்க் கடற்கரையில் மூன்று வகையான தீர்வுகள் வழக்கில் இருந்தன.

முதலாவது கட்டுமரம். எடை குறைந்த மரத்துண்டுகளை வரிசையாக வைத்துக் கயிற்றால் கட்டுவது இதன் அமைப்பு. கட்டுமரத்துக்கு உட்புறம் என்று ஒன்று கிடையாது. அலை மேலே ஏறினாலும் மரங்களின் இடைவெளி வழியே வழிந்து போய்விடும். எனவே ஒழுக்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் மரம் நீரை உறிஞ்சிக் கனக்கும். இதற்காகவே கரைக்கு வந்ததும் கட்டுகளை அவிழ்த்து மரங்களை மணலில் உலர விடுவது மீனவரின் வழக்கமாக இருந்தது.

இரண்டாவது தைத்த படகு. சென்னைக் கரையில் வழங்கிய மசுலா படகு இவ்வகையைச் சேர்ந்தது. இதன் பலகைகள் ஆணியால் அறையப்படவில்லை. பலகைகளின் ஓரங்களில் துளையிட்டு, மூட்டின் மேல் வைக்கோல் அல்லது புல்லைத் திரியாக வைத்து, தென்னை நார்க் கயிற்றால் தைத்தனர். சென்னையில் செயற்கைத் துறைமுகம் அமைவதற்கு முன்னர்க் கப்பல்கள் கரைக்குத் தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. பயணிகளும் சரக்கும் கொந்தளிக்கும் கரையலையைத் தாண்டி மசுலா படகுகளில்தான் கரை சேர்ந்தனர். ஆணி அறைந்த விறைப்பான படகு அந்த அலையில் மணலில் மோதினால் பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுத்துத் தப்பிக்கும். அதற்குக் கொடுத்த விலை ஓயாத கசிவு. படகுக்குள் நீர் இறைப்பதற்கென்றே ஆள் இருந்தார். கசிவைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டு, உடைவதைத் தவிர்த்த கட்டுமானம் இது.

மூன்றாவது, பலகைகளை ஓரத்தோடு ஓரம் பொருத்தி, உள்ளே வங்குக்கால் எனப்படும் விலா எலும்பு போன்ற சட்டங்களில் ஆணியால் அறைந்து கட்டும் பெரிய கலம். தூத்துக்குடித் தோணியும் யாழ்ப்பாணக் கரையின் கப்பல்களும் இவ்வகையின. நூற்றுக்கணக்கான மூட்டைகளை நாள்கணக்கில் நனையாமல் கொண்டு செல்ல வேண்டிய கலத்துக்கு ஓயாமல் நீர் இறைப்பது தீர்வாகாது. அங்கேதான் கலப்பற்று தேவைப்பட்டது.

கசிவு ஏன் ஏற்படுகிறது

மரம் உயிரற்றுப் போன பின்னும் அசைந்துகொண்டே இருக்கும் பொருள். ஈரம் பட்டால் அதன் குறுக்குவாட்டில் உப்பும். உலர்ந்தால் சுருங்கும். நீளவாட்டில் இம்மாற்றம் மிகவும் குறைவு. எனவே கரையில் நெடுநாள் வெயிலில் நின்ற தோணியின் பலகைகள் அகலத்தில் சுருங்கி, மூட்டுகள் வாய் திறக்கும். மீண்டும் நீரில் இறக்கியதும் ஓரிரு நாள் நன்றாகவே கசியும். பலகை நீர் குடித்து உப்பியதும் மூட்டுகள் தாமே இறுகும். இதனால் கலத்தை இறக்குவதற்கு முன்பே பலகைகளின் மேல் நீர் ஊற்றி நனைப்பதும் உண்டு.

பாய்மரக் கலத்துக்கு இன்னொரு துன்பமும் உண்டு. பாயில் காற்று நிறையும்போது அதன் இழுவிசை பாய்மரத்தின் அடி வழியாகவும், பாய்மரத்தை இருபுறமும் தாங்கும் கயிறுகள் வழியாகவும் உடற்பகுதிக்கு இறங்குகிறது. கலம் ஒரு பக்கம் சாய்ந்து ஓடும். அலை தூக்கும்போது நடுப்பகுதி உயர்ந்து முனைகள் தாழும். அடுத்த கணம் முனைகள் உயர்ந்து நடுப்பகுதி தாழும். இவ்வாறு ஆயிரக்கணக்கான முறை முறுக்கப்படும்போது மூட்டில் திணித்த பஞ்சு நெகிழ்ந்து வெளியேறுகிறது.

மூன்றாவது பகை கப்பற்புழு. புழு என்று பெயர் பெற்றாலும் இது சிப்பி இனத்தைச் சேர்ந்த உயிரி. நுண்ணிய இளம் பருவத்தில் மரத்துக்குள் நுழைந்து, உள்ளேயே வளர்ந்து நீளமான சுரங்கம் குடையும். வெளியே ஊசி முனை அளவு துளை மட்டுமே தெரியும். பலகை வெளிப் பார்வைக்கு நன்றாக இருக்கும். உள்ளே தேன்கூடு போல் அரித்துப் போயிருக்கும். ஐரோப்பியக் கடற்படைகள் 18ஆம் நூற்றாண்டில் செப்புத் தகடு போர்த்தி இதை எதிர்த்தன. இந்தியக் கரைகளில் சுண்ணாம்பையும் எண்ணெயையும் குழைத்து அடிப்பகுதியில் கனமாகப் பூசுவது பழைய வழக்கம்.

கசிவைக் கண்டறியும் முறை

கலத்தின் அடியில் நீர் தேங்கியிருப்பதைக் காண்பது எளிது. அந்த நீர் எங்கே நுழைந்தது என்பதே கேள்வி. மேல்தட்டில் புகுந்த நீர் வங்குக்கால் ஒன்றைப் பற்றி இறங்கி, பலகையின் உட்புறம் வழியே ஓடி, வேறொரு மூலையில் சொட்டக்கூடும். சொட்டும் இடத்தை அடைத்தால் நீர் அடுத்த இடத்தில் சொட்டும். எனவே அனுபவம் உடையவர் அடைப்பதற்கு முன்னர் வரிசையாகச் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்வார்.

முதல் கேள்வி, நீர் உப்பா, நல்ல நீரா என்பது. விரலில் தொட்டு நாவில் வைத்தாலே விடை கிடைத்துவிடும். உப்பு என்றால் கடல்நீர். நல்ல நீர் என்றால் மழைநீராக இருக்கலாம். குடிநீர்த் தொட்டியிலிருந்தும் வந்திருக்கலாம். சரக்கறையின் ஈரமே குளிர்ந்து துளியாகியும் இருக்கலாம். மூன்றுக்கும் பரிகாரம் வெவ்வேறு. மழைநீருக்கு மேல்தட்டைப் பார்க்க வேண்டும். வியர்த்த நீருக்குக் காற்றோட்டம் செய்ய வேண்டும். அடிப்பலகையை எவ்வளவு இறுக்கி அடைத்தாலும் இவ்விரண்டும் நிற்கா.

இரண்டாவது கேள்வி, எப்போது வருகிறது என்பது. கலம் அமைதியான துறையில் நிற்கும்போதும் வந்தால், கசிவு நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. ஒரு பக்கம் சாய்ந்து ஓடும்போது மட்டும் வந்தால், அந்தப் பக்கத்தில் வழக்கமான நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உள்ள மூட்டைப் பார்க்க வேண்டும். அலை மிகுந்தபோது மட்டும் வந்தால், பாய்மரத்தின் இழுவிசையாலோ அலையின் முறுக்காலோ திறந்து மூடும் மூட்டாக இருக்கும். மழைக்குப் பின் மட்டும் வந்தால் கடலைக் குறை சொல்லிப் பயனில்லை.

மூன்றாவது கேள்வி, எவ்வளவு வருகிறது என்பது. அடியில் தேங்கும் நீரின் ஆழத்தைக் கோலால் அளந்து, குறிப்பிட்ட நேரத்துக்கு எவ்வளவு ஏறுகிறது என்று கணக்கிடுவர். மெல்ல மாறாமல் ஏறும் நீர் பழைய மூட்டின் அறிகுறி. திடீரென்று வேகம் கூடினால் பஞ்சு கழன்றுவிட்டது அல்லது பலகை உடைந்துவிட்டது என்று பொருள்.

அதன் பின்பே தேடல் தொடங்கும். கலம் நீரில் இருக்கும்போது உட்புறத்தைத் துடைத்து உலர்த்தி, முதலில் ஈரம் கோக்கும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறியிடுவர். அங்கிருந்து நீரின் தடத்தை மேல்நோக்கிப் பின்தொடர வேண்டும். கலம் கரையேறிய பின்னர் இதையே தலைகீழாகச் செய்யலாம். உள்ளே நீர் ஊற்றி, வெளிப்புறத்தில் எந்த மூட்டில் துளி அரும்புகிறது என்று பார்க்கலாம். மூட்டைச் சுத்தியலால் தட்டும்போது எழும் ஒலியும் உதவும். இறுகிய இடம் கணீரென்று ஒலிக்கும். பஞ்சு நெகிழ்ந்த இடமும் மரம் உளுத்த இடமும் மந்தமாக ஒலிக்கும்.

அடைக்கும் முறை

முதலில் பழைய பஞ்சையும் காய்ந்த பசையையும் கொக்கி போன்ற கருவியால் சுரண்டி எடுத்து மூட்டைத் துப்புரவாக்குவர். இரு பலகைகள் சேரும் இடத்தில் வெளிப்புறம் சற்று அகன்றும் உட்புறம் ஒடுங்கியும் ஆப்பு வடிவில் இடைவெளி இருக்க வேண்டும். அப்போதுதான் திணித்த பஞ்சு உள்ளே விழாமல் பிடித்துக்கொள்ளும்.

பஞ்சைத் திரியாக முறுக்கி, எண்ணெயில் நனைத்து, சிறு சிறு மடிப்புகளாக மூட்டின் மேல் வைப்பர். மழுங்கிய உளி போன்ற இரும்பை அதன் மேல் வைத்து மரச்சுத்தியலால் அடிப்பர். மூட்டு அகலமாக இருக்கும் இடத்தில் மடிப்புகள் நெருக்கமாகவும், ஒடுங்கிய இடத்தில் திரி நீட்டாகவும் செல்லும். எந்த இடத்துக்கு எவ்வளவு பஞ்சு என்பதை அளவுகோல் சொல்லாது. சுத்தியலின் ஒலியும் கையில் உணரும் எதிர்விசையும்தான் சொல்லும்.

பஞ்சு குறைந்தால் கசியும். மிகுந்தாலும் கேடுதான். அளவுக்கு மீறித் திணித்துவிட்டால், பலகை நீரில் உப்பும்போது இடம் போதாமல் ஆணிகளை இழுத்துக்கொண்டு சட்டத்தைவிட்டு விலகும். ஒரு மூட்டை மிகையாக இறுக்கினால் பக்கத்து மூட்டு திறந்துகொள்வதும் உண்டு. இக்காரணத்தால் நல்ல கலப்பற்றுக்காரர் கசியும் ஓர் இடத்தை மட்டும் அடைத்துவிட்டுப் போவதில்லை. இருபுறமும் சில முழம் தூரம் தட்டிப் பார்த்த பின்னரே எழுந்திருப்பார்.

இறுதியாகக் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிய பசையையோ, சுண்ணாம்பு கலந்த கலவையையோ மூட்டின் மேல் இழுத்துப் பூசுவர். பஞ்சு நீரைத் தடுக்கிறது. பசை பஞ்சைக் காக்கிறது. பின்னர் உடல் முழுவதும் மீன் எண்ணெய் பூசுவதும் வழக்கம்.

பொருள்கள் இடத்துக்கு இடம் மாறின. ஐரோப்பாவில் பழைய சணல் கயிறுகளைப் பிரித்து எடுத்த நாரும் தாரும் பயன்பட்டன. கயிறு பிரிக்கும் சலிப்பான வேலை இங்கிலாந்தின் சிறைகளிலும் ஏழையர் விடுதிகளிலும் தண்டனை போல் சுமத்தப்பட்டது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியக் கடல்வழியே பயணம் செய்த மார்க்கோ போலோ, ஓர்மூசில் கயிற்றால் தைத்து மீன் எண்ணெய் பூசிய கலங்களையும், இந்தியக் கடலுக்கு வந்த சீனக் கப்பல்களில் சுண்ணாம்பு, நறுக்கிய சணல், மர எண்ணெய் ஆகியவற்றை இடித்துக் கலந்து பூசும் முறையையும் குறிப்பிட்டுள்ளார். தென்னிந்தியாவில் எளிதாகக் கிடைத்தவை பருத்தியும் தென்னை நாரும்.

நடுக்கடலில் கசிவு

துறையில் இருக்கும்போது தேடி அடைக்கலாம். நடுக்கடலில் அடிப்பலகை திறந்துகொண்டால் என்ன செய்வது? இதற்குப் புகழ்பெற்ற சான்று ஜேம்ஸ் குக்கின் ‘எண்டெவர்’ கப்பல். 1770 ஜூன் 11ஆம் நாள் இரவு அக்கப்பல் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் மோதியது. பீரங்கிகளைக்கூடக் கடலில் எறிந்து எடையைக் குறைத்து மிதக்கச் செய்த பின்னரும் நீர் ஏறிக்கொண்டே இருந்தது. இளம் அலுவலரான ஜொனதன் மாங்க்ஹவுஸ் ஒரு வழி சொன்னார். பழைய பாய்த்துணி ஒன்றில் கயிற்று நாரையும் கம்பளி மயிரையும் சாணத்தோடு சேர்த்து ஒட்டி, கயிறு கட்டிக் கப்பலின் அடியில் இழுத்துச் சென்றனர். துளைக்குள் பாயும் நீரே அந்த நாரை உள்ளிழுத்து அடைத்துக்கொண்டது. பின்னர்க் கரையேற்றிப் பார்த்தபோது, முறிந்த பவளப் பாறைத் துண்டு ஒன்றும் துளையில் சிக்கி நீரைத் தடுத்திருந்தது தெரியவந்தது.

உள்ளே பாயும் நீரைக் கொண்டே அடைப்பைத் தேடச் செய்யும் இந்த உத்தி சிறு கலங்களிலும் வழங்கியது. எங்கே கசிகிறது என்று துல்லியமாகத் தெரியாதபோது, மரத்தூளைக் கலத்தின் அடியில் கொண்டு சென்று விடுவர். திறந்த மூட்டு தூளைத் தானே இழுத்துக்கொள்ளும். தூள் உப்பி, கரை சேரும்வரை தாக்குப்பிடிக்கும். இது நிலையான தீர்வன்று. காலம் தாழ்த்தும் உத்தி மட்டுமே.

தூத்துக்குடித் தோணிகளும் பருத்தியும்

19ஆம் நூற்றாண்டில் தூத்துக்குடி தென்னிந்தியாவின் முதன்மையான பருத்தி ஏற்றுமதித் துறைகளுள் ஒன்றாக இருந்தது. கரிசல் நிலத்தின் பருத்தி பொதிகளாக இங்கு வந்து சேர்ந்தது. ஆனால் கரையோரக் கடல் ஆழமற்றது. பெரிய நீராவிக் கப்பல்கள் சில மைல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க வேண்டியிருந்தது. கரைக்கும் கப்பலுக்கும் இடையே பொதிகளைச் சுமந்தவை தோணிகள். கொழும்புக்கு நேராகச் சரக்கு ஏற்றிச் சென்ற பெரிய பாய்மரத் தோணிகளும் இருந்தன. தண்டல் எனப்படும் தலைவரின் கீழ் மாலுமிகள் மன்னார் வளைகுடாவைக் கடந்து சென்று வந்தனர்.

பருத்திப் பொதிக்குக் கடல்நீர் பெரும் பகை. நனைந்த பொதி கனக்கும், கறைபடும், புழுங்கும், மதிப்பிழக்கும். எனவே தோணியின் மூட்டு ஒவ்வொன்றும் வணிகரின் கணக்கோடு தொடர்புடையது. தோணியில் ஏறிய சரக்கும் பருத்தி. அந்தச் சரக்கு நனையாமல் மூட்டில் காவல் நின்றதும் பருத்தி. பாய்த்துணியையும் சேர்த்தால், ஒரே செடியின் விளைவு கலத்தை ஓட்டியது, அடைத்தது, அதற்கு வாடகையும் ஈட்டித் தந்தது எனலாம்.

பருவக்காற்று கடுமையாக வீசும் மாதங்களில் தோணிகள் ஓடுவதில்லை. அம்மாதங்கள் கரையேற்றிப் பழுது பார்க்கும் காலமாகின. கலம் கட்டும் தச்சரான ஓடாவி பலகைகளை மாற்றுவார். கலப்பற்றுக்காரர் மூட்டுகளைப் பார்ப்பார். ஏரா எனப்படும் அடிமரத்தை ஒட்டிய முதல் மூட்டு மிகுந்த கவனத்துக்கு உரியது. கலம் தரை தட்டும்போது முதலில் நெகிழ்வது அதுவே. சரக்கு ஏறிய பிறகு கைக்கு எட்டாததும் அதுவே.

அட்லாண்டிக்கைக் கடந்த ஒரு கலம்

தமிழர் கட்டிய மரக்கலம் எவ்வளவு தொலைவு தாங்கும் என்பதற்கு வல்வெட்டித்துறையின் ‘அன்னபூரணி அம்மாள்’ சான்றாக நிற்கிறது. யாழ்ப்பாணத் தீபகற்பத்தின் வடகரையில் உள்ள இத்துறை, பாய்க்கப்பல் கட்டுவதற்கும் ஓட்டுவதற்கும் பெயர் பெற்றது. சுமார் 89 அடி நீளமுள்ள இக்கப்பலை அமெரிக்கக் கடலோடியான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் வாங்கி, ‘ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்’ எனப் பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதைச் சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல் வழியாகச் செலுத்தி, அட்லாண்டிக்கைக் கடந்து, 1938 ஆகஸ்ட் 1ஆம் நாள் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள குளோசெஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தனர்.

இந்நிகழ்வைப் பேசும்போது மாலுமிகளின் துணிவைப் போற்றுவது முறையே. அதனுடன் இன்னொன்றையும் எண்ண வேண்டும். பாக்கு நீரிணைக்கும் வங்கக் கடலுக்கும் பழகிய கைகள் பொருத்திய பலகைகள் அந்தப் பெருங்கடலையும் தாங்கின. பயணம் முழுவதும் அடிநீரை அளந்து, இறைத்து, மூட்டுகளைக் கவனித்துவந்தவர் இல்லாமல் எந்த மரக்கலமும் அவ்வளவு தொலைவு சென்றதில்லை.

தொழிலின் சுருக்கம்

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைமை மாறியது. தோணிகளில் இயந்திரம் பொருத்தப்பட்டது. தூத்துக்குடியில் ஆழமான புதிய துறைமுகம் அமைந்து, 1974இல் அது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. பெரிய கப்பல்கள் தளத்தையே ஒட்டி நின்றதால் இடைத் தோணிகளின் வேலை குறைந்தது. இலங்கையுடனான தோணி வணிகமும் சுருங்கியது. இன்று மாலத்தீவுக்கும் இலட்சத்தீவுக்கும் காய்கறி, கட்டுமானப் பொருள்கள் முதலியவற்றை ஏற்றிச் செல்லும் தோணிகள் சிலவே எஞ்சியுள்ளன.

மீன்பிடிப் படகுகளிலும் மாற்றம் வந்தது. 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம், கரையலையைத் தாண்டக்கூடிய புதிய வகைப் படகுகளை உருவாக்கிப் பார்த்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின்னர்க் கண்ணாடியிழைப் படகுகள் தமிழகக் கரையெங்கும் பெருகின. கண்ணாடியிழைப் படகுக்கு மூட்டு இல்லை. வெடிப்பு விழுந்தால் இழைத்துணியை வைத்துப் பிசின் பூசிவிடலாம். கலப்பற்றுக்காரருக்கு அங்கே வேலை இல்லை.

இதில் வருந்தத்தக்கது ஒரு கருவி வழக்கொழிந்தது மட்டுமன்று. கலப்பற்று பெரும்பாலும் ஆசானின் அருகில் அமர்ந்து காதாலும் கையாலும் கற்ற தொழில். சரியாக இறுகிய மூட்டின் ஒலி எப்படி இருக்கும் என்பதை எழுதி வைக்க முடியாது. கற்றவர் ஓய்வு பெற்று, கற்பவர் இல்லாமற்போனால் ஒரு தலைமுறையிலேயே அது மறைந்துவிடும்.

இம்மரபை மீட்டுப் பார்க்கும் முயற்சிகளும் நடந்துள்ளன. 1980 நவம்பரில் ஓமானிலிருந்து புறப்பட்ட டிம் செவெரினின் ‘சோகார்’ என்னும் தைத்த கப்பல், 1981இல் சீனாவின் குவாங்சோவை அடைந்தது. அதைத் தைக்க இலட்சத்தீவுக் கைவினைஞர்கள் ஓமானுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். இந்தியக் கடற்படையின் ‘கௌண்டின்யா’ என்னும் தைத்த பாய்மரக் கப்பல், அஜந்தா ஓவியம் ஒன்றை முன்மாதிரியாகக் கொண்டு, கேரளக் கைவினைஞர்களால் தென்னை நார்க் கயிற்றாலும் இயற்கைப் பிசினாலும் கட்டப்பட்டு, 2025 மே மாதம் கார்வாரில் கடற்படையில் சேர்க்கப்பட்டது. சென்னையில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகம் அதன் மாதிரியைச் சோதித்தது. 2025 டிசம்பரில் அது போர்பந்தரிலிருந்து மஸ்கட் நோக்கிப் பயணம் புறப்பட்டது.

திருப்பூரில் தொடரும் அதே கேள்வி

தொழில் சுருங்கினாலும் அதன் கேள்வி மறையவில்லை. கடற்கரையிலிருந்து நெடுந்தொலைவில், நொய்யல் கரையில் உள்ள திருப்பூரில் அது நாள்தோறும் கேட்கப்படுகிறது. பருத்திச் சந்தையாகவும் பின்னர்ப் பனியன் நகரமாகவும் வளர்ந்த திருப்பூரின் பின்னலாடைகள் தூத்துக்குடி, கொச்சி, சென்னைத் துறைமுகங்கள் வழியாக வெளிநாடு செல்கின்றன. தோணியின் இடத்தில் இன்று இருப்பது இரும்புக் கண்டெய்னர். அதன் கதவு விளிம்பில் உள்ள ரப்பர் பட்டைதான் மூட்டில் திணித்த பஞ்சின் வேலையைச் செய்கிறது.

ஆடை ஏற்றுவதற்கு முன்னர்க் காலிக் கண்டெய்னரில் ஒளிச் சோதனை செய்வது ஏற்றுமதித் தொழிலின் நடைமுறை. ஒருவர் உள்ளே நிற்க, வெளியிலிருந்து மற்றொருவர் கதவை மூடுவார். கண் இருளுக்குப் பழகியதும், கூரையிலோ பக்கச் சுவரிலோ ஒளிப்புள்ளி தெரிகிறதா என்று உள்ளே இருப்பவர் பார்ப்பார். ஒளி புகும் இடத்தில் நீரும் புகும். கதவு விளிம்பில் கீற்றாக ஒளி தெரிந்தால் ரப்பர் பட்டை கிழிந்திருக்கிறது என்று அறியலாம்.

அட்டைப் பெட்டி நனைந்து போய்ச் சேர்ந்தால், காப்பீட்டு ஆய்வாளர் முதலில் கேட்பதும் பழைய கேள்வியைத்தான்: உப்பா, நல்ல நீரா? அவர் நாவில் வைத்துப் பார்ப்பதில்லை. கறையின் மேல் வெள்ளி நைட்ரேட் கரைசலை விடுகிறார். கடல்நீரின் குளோரைடு அதோடு வினைபுரிந்து பால் போல் வெண்மையாகும். வெண்மை தோன்றினால் கடல்நீர் பட்டிருக்கிறது என்று ஐயுற இடமுண்டு. தோன்றாவிட்டால் மழையாகவோ, கண்டெய்னருக்குள்ளேயே வியர்த்த நீராகவோ இருக்கலாம்.

இந்த மூன்றாவது வகை நீருக்குத் துளையே தேவையில்லை. பருத்தி இயல்பான நிலையில் தன் உலர் எடையில் சுமார் 8.5 விழுக்காடு ஈரத்தை வைத்திருக்கும். பகல் வெப்பத்தில் ஆடையும் அட்டைப் பெட்டியும் மரப்பலகைத் தளமும் அந்த ஈரத்தில் ஒரு பகுதியை வெளிவிடும். இரவில் இரும்புக் கூரை குளிர்ந்ததும் ஈரம் துளிகளாகத் திரண்டு சரக்கின் மேலேயே விழும். ஓட்டை இல்லாத கண்டெய்னரிலும் ஆடை பூஞ்சை பிடிப்பது இதனால்தான். ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடுவதும், நன்கு உலர்ந்த பெட்டிகளையே ஏற்றுவதும் இதற்குரிய பரிகாரங்கள். இங்கே கதவை மேலும் இறுக்குவதால் பயன் ஒன்றும் இல்லை.

தோணியின் அடியில் விரலை நனைத்து நாவில் வைத்தவரும், கறையின் மேல் கரைசலை விடும் ஆய்வாளரும் ஒருவரையொருவர் அறியார். இருவரும் செய்வது ஒன்றே. அடைக்கக் கை நீட்டுவதற்கு முன், நீர் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார்கள். கலப்பற்று விட்டுச் சென்ற பாடங்களுள் இன்றும் பயன்படுவது இதுவே.